இரண்டு விரல் கம்மி

என் தங்கை மணிமொழிக்கு வனக்காவலர் வேலைக்கான உத்தரவு வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. உத்தரவோடு மூன்று பக்கப் படிவம் ஒன்று இருந்தது. அரசு மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்று வாங்கிக்கொண்டு பத்து நாளைக்குள் வந்து சேர வேண்டும். கண், காது, பல், இதயம் என்று வரிசையாகக் கேள்விகள். பதினோராவது கேள்வி கால்களைப் பற்றியது. குறைபாடு உண்டா, நீளத்தில் வேறுபாடு உண்டா, உண்டென்றால் எவ்வளவு.

மணிமொழியின் இடது கால் வலது காலைவிட இரண்டு விரல் குட்டை. இது எங்கள் ஊர் ஆலத்திமேட்டில் இருக்கிற நாற்பது வீட்டுக்கும் தெரியும். அதைக் குட்டையாக்கியவன் நான் என்பதும் தெரியும்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் நடந்தது. அப்போது நான் புதுச்சேரிப் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு வந்தபோது பழைய பைக் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். மணிமொழிக்கு ஏதோ சான்றிதழ் நகல் எடுக்க வேண்டியிருந்தது. பின்னால் உட்காரவைத்து மலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கினேன். நான்காவது வளைவில் ஜல்லிப்பொடி கிடந்தது. வேகமாகத்தான் போனேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவள் இடுப்பு ஓரத்துக் கல்லில் மோதியது.

தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இடுப்பெலும்பில் மெல்லிய கீறல், ஆபரேஷன் வேண்டாம், ஆறு வாரம் படுத்திருந்தால் போதும் என்றார்கள். எங்கள் அம்மா தைலம்மாள் அவளைப் பத்து வாரம் படுக்கவைத்தாள். ஒன்று சொன்னால் இரண்டாகச் செய்கிற ஆள். எழுந்து உட்காருவதற்கு முன்னால் கோயில் பூசாரியிடம் மந்திரித்த கறுப்புக் கயிறு வாங்கிவந்து இடுப்பில் கட்டினாள். மூன்று வருடம் அவிழ்க்கக் கூடாது என்று பூசாரி சொல்லியிருந்தார்.

எழுந்து நடந்தபோது மணிமொழி நொண்டினாள். திரும்பவும் அந்தக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த இளம் டாக்டர் நடக்கவைத்துப் பார்த்தார். சீட்டில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். வாசலில் நின்று முதல் வரியை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஷார்ட்டனிங்.

எனக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும், ஆனால் வேறு இடத்தில். பிஸ்கட் கம்பெனியில் ஷார்ட்டனிங் என்றால் பதினைந்து கிலோ அட்டைப்பெட்டியில் வரும் வெள்ளைக் கொழுப்பு. பதினான்கு மாதம் அதைத்தான் பெட்டி பெட்டியாக உடைத்து மாவில் கொட்டிக்கொண்டிருந்தேன். அது சேர்ந்தால்தான் பிஸ்கட் வாயில் வைத்ததும் நொறுங்கும். கால் வலி சீட்டில் அதற்கு என்ன வேலை என்று போனில் தேடினேன். கொழுப்புக்கு அந்தச் சொல். துணியை மடித்துத் தைப்பதற்கும் அந்தச் சொல். பேரைச் சுருக்கிக் கூப்பிடுவதற்கும், ஜெயில் தண்டனையைக் குறைப்பதற்கும் அதேதான். பட்டியலின் கடைசியில் எலும்பு இருந்தது. கால் குட்டையாகிப்போவது. போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். சொல்லுக்கு முன்னால் டாக்டர் வேறு ஏதோ குறி போட்டிருந்தார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கிளினிக்குப் பக்கம் நாங்கள் போகவில்லை. வெள்ளிமலையில் ரங்கம்மாள் இருந்தாள். சங்கராபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பள்ளிச் சீருடையிலிருந்து கல்யாண ரவிக்கை வரை சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அவள்தான் தையல். அவள் தைத்தது பத்தவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அளவு சரியாகத்தான் எடுத்தேன், நடுவில் நீ ஊதிப்போனால் நான் என்ன செய்வது என்பாள். மணிமொழிக்கு இரண்டு சுடிதார் தைக்கக் கூட்டிப்போனபோது, கால் கம்மியாக இருக்கிறதாம், கொஞ்சம் அளந்து சொல் என்று அம்மா கேட்டாள்.

அளப்பதற்கு அசையாத ஓர் இடம் வேண்டும் அல்லவா. அது இடுப்பிலேயே கட்டியிருந்தது. ரங்கம்மாள் டேப்பின் நுனியைக் கறுப்புக் கயிற்றில் வைத்து இடது கணுக்கால் வரை இழுத்தாள். பிறகு கயிற்றிலிருந்து வலது கணுக்கால் வரை. இரண்டு விரலை ஒட்டவைத்து அம்மாவிடம் காட்டினாள்.

"ரெண்டு வெரலு கம்மிக்கா. சுத்தமா ரெண்டு. நானு இடது பக்கத்த மடிச்சுத் தெச்சுடறேன், வெளிய தெரியாது."

அவ்வளவுதான். ஊர் அளவு எடுத்துவிட்டது. ரங்கம்மாள் இடது பேன்ட்டை இரண்டு விரல் குறைத்துத் தைத்தாள். நான் ரப்பர் அட்டை வாங்கிவந்து, இடது செருப்பின் அடியில் இரண்டு விரல் தடிமனுக்கு ஒட்டி, ஆணி அடித்தேன். மணிமொழி அதைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தாள். நொண்டல் பாதி குறைந்தது. எல்லோரும் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள்.

நான் கம்பெனிக்குத் திரும்பவில்லை. தங்கச்சிக்காக வேலையை விட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உண்மை என்னவென்றால் இரவு வேலை எனக்கு ஒத்துவரவில்லை. பகலில் தூக்கம் வராது, ராத்திரியில் மாவு கலக்கும் இயந்திரம் முன்னால் நின்றபடியே தூங்குவேன். பேசிக்கொண்டதை நான் திருத்தவில்லை. அதே சமயம், அவள் முற்றத்தைக் கடக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன். அந்தச் சத்தம் காதில் விழும். ஒரு கால் மெதுவாக, ஒரு கால் தட் என்று.

மறு வருடம் சேராப்பட்டுப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா அடுப்படியிலிருந்து வாசல் வரை இவள் நடந்ததை ஒரு தரம் பார்த்தாள். காபித் தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துபோனாள். அனுப்பவில்லை. பொடிசுகள் குட்டைக்காலி என்று கூப்பிட்டன. மணிமொழி சண்டைக்குப் போக மாட்டாள்.

"மலையில எந்தப் பக்கமா ஏறிக்கினு கீறேன்னு பாத்துட்டு கூப்புடுங்கடா. சரிவுல ஒரு பக்கமா போனா நான்தான் நேரா நிப்பேன், நீங்கதான் கோணை" என்பாள். அவையும் சிரிக்கும், அவளும் சிரிப்பாள். வீட்டுக்குள் வந்தால் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். படித்தாளா, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாளா, தெரியாது.

படித்திருக்கிறாள். எழுத்துத் தேர்வில் தேறினாள். நான்கு மணி நேரத்தில் பதினாறு கிலோமீட்டர் நடக்கும் சோதனைக்கு, இடது கேன்வாஸ் ஷூவுக்குள் ரப்பர் துண்டு வைத்துக்கொண்டு போனாள். மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தாள். பின்னால் வந்தவர்களில் இரண்டு பேர், கால் நன்றாக இருந்தும் நடுவழியில் உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே யாரும் ஷூவுக்குள் பார்க்கவில்லை. மிச்சம் இருந்தது இந்தப் பதினோராவது கேள்வி மட்டும்தான்.

அன்று சாயங்காலம் நான் திட்டம் போட்டேன். விபத்து நடந்ததாகவே சொல்லக் கூடாது. ரப்பர் ஒட்டாத செருப்போடு டாக்டர் முன்னால் போக வேண்டும். தரை வரை தொங்கும் பேன்ட் போட்டுக்கொண்டு, இடது குதிகாலை இரண்டு விரல் உயர்த்தி, வெளியே தெரியாமல் நிற்கப் பழக வேண்டும். அம்மா தலையாட்டினாள். அப்பா கரியன் சாமையைப் புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டரு மடையன்னு நெனச்சிக்கினு கீறியா? மாட்டிக்கினா வேலையும் போவும், பொய்காரின்னு பேரும் வரும்."

வேறு வழி இருந்தால் சொல்லு என்றேன். அவர் மறுபடி புடைக்கத் தொடங்கினார்.

எட்டு நாள் பழகினோம். சுவரில் கரித்துண்டால் தோள் உயரத்துக்கு ஒரு கோடு இழுத்தேன். அவள் முதுகைச் சுவரில் சாய்த்து நிற்க வேண்டும், நான் கோட்டையும் தோளையும் பார்த்துச் சொல்ல வேண்டும். தூக்கு, கொஞ்சம் இறக்கு, இப்படியே நில்லு. ஆடுசதை நடுங்கும் வரை நின்றாள். குதிகாலைத் தூக்காமல் களைத்துப்போய் நின்றபோதுதான் தோள் கோட்டுக்கு நெருங்கி வந்ததாக ஒன்றிரண்டு தடவை எனக்குப் பட்டது. என் கண் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலை பைக்கில் இறங்கினோம். நான்காவது வளைவு வந்ததும் நான் கியரைக் குறைத்தேன். பின்னாலிருந்து அவள் சொன்னாள். "மெதுவாவே போண்ணா. மிச்ச காலாவது இருக்கட்டும்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கை என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது.

கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம். ரப்பர் இல்லாமல் கொஞ்ச தூரம் நடந்தாலே இடுப்பு வலிக்கும் என்பதால் ஒட்டுப் போட்ட செருப்பிலேயே வந்திருந்தாள். தட்டைச் செருப்பு ஒரு துணிப்பையில் என் கையில் இருந்தது. எலும்பு டாக்டர் அறைக்கு முன்னால் மாற்றிக்கொள்வதாகத் திட்டம். கண் பார்த்தார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், எடை போட்டார்கள். எல்லா இடத்திலும் நன்றாகப் போனது. எலும்புப் பிரிவில் எங்களுக்கு முன்னால் பதினெட்டு பேர் இருந்தார்கள். ஒரு மணி நேரமாவது ஆகும் என்று நான் கழிப்பறைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் பெஞ்சில் அவள் இல்லை. வேலைக்கான சான்று கேட்டு வந்தவர்களைத் தனியாகக் கூப்பிட்டுவிட்டார்களாம். பையிலிருந்து செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். கதவைத் தட்டக்கூடத் தோன்றவில்லை. இரண்டு கையிலும் ஒவ்வொரு செருப்போடு டாக்டர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

டாக்டரம்மா பாரதிக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மணிமொழியின் காலைப் பார்த்தார். திரும்பவும் என் கையைப் பார்த்தார்.

"எதுக்கு ரெண்டு ஜோடி?"

அது புதுசு, கடிக்கும் என்று ஏதோ சொன்னேன். அவர் மணிமொழியைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, இடது செருப்பை மேசைமேல் வைத்தார். ரப்பர் அடுக்கை விரலால் அழுத்தினார். நான் அடித்த ஆணிகளை ஒன்று ஒன்றாகத் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் மணிமொழி அசையவில்லை. எட்டு நாள் சுவரோரம் நின்றது, மூன்று மணி பன்னிரண்டு நிமிடம் நடந்தது, எல்லாவற்றையும் நான் இரண்டு கையில் எடுத்துக்கொண்டு வந்து மேசையில் போட்டுவிட்டேன்.

"இத யாரு ஒட்டினது?"

"நான்தாங்க."

"எவ்வளவு குட்டைன்னு ஒட்டினீங்க?"

"ரெண்டு வெரலுங்க."

"அது யாரு அளந்தது?"

மணிமொழிதான் சொன்னாள்.

"டைலருங்க."

நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. டைலர் எங்கிருந்து அளந்தார் என்று கேட்டார். மணிமொழி தயங்கி, சட்டைக்கு மேலாக இடுப்புக் கயிற்றைத் தொட்டுக் காட்டினாள். டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவளைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். என்னைத் திரைக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்.

பச்சைத் திரை. அதில் பேனா மைக் கறை ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் இடுப்பை நேராக வை, இன்னும் கொஞ்சம், வலித்தால் சொல்லு என்ற குரல் கேட்டது. இந்த எலும்பு தெரியுதா, இங்கிருந்து கணுக்கால் எலும்பு வரைக்கும் என்று நர்ஸிடம் சொல்வது கேட்டது.

"வலது எழுபத்தெட்டு."

டேப் நகரும் சத்தம்.

"இடது எழுபத்தெட்டு."

மணிமொழியின் குரல் கேட்டது. "இன்னொரு தபா எடுங்க மேடம்."

டாக்டர் மறுபடியும் எடுத்தார். எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு. மூன்றாவது தடவை நர்ஸை எடுக்கவைத்தார். நர்ஸுக்கு ஒரு காலில் எழுபத்தெட்டேகால் வந்தது. அது இடது கால்.

திரையை விலக்கி என்னை உள்ளே கூப்பிட்டார். மணிமொழி மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் மடக்கிப் பாதங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். டாக்டர் மேசையில் இருந்த அவளுடைய ஃபைல் அட்டையை எடுத்து இரண்டு முழங்கால்களுக்கும் மேலாகப் படுக்கைவாட்டில் வைத்தார். அது மேசைமேல் வைத்த மாதிரி நேராக நின்றது. எந்தப் பக்கமும் சரியவில்லை. அதன்மேல் ஒரு பேனாவை வைத்தார். பேனா உருளவில்லை.

"நல்லா பாத்துக்கோங்க. எலும்பு ரெண்டும் ஒண்ணுதான். கால் குட்டையே இல்ல."

பிறகு கயிற்றிலிருந்து அளந்து காட்டினார். வலது பக்கத்தைவிட இடது பக்கம் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தது. ரங்கம்மாளின் இரண்டு விரல் அப்படியே இருந்தது. வலிக்குப் பயந்து அவள் மாதக்கணக்கில் இடது இடுப்பைத் தூக்கியே வைத்திருந்ததில் அந்தப் பக்கத் தசை இறுகிப்போயிருக்கிறது. இடுப்பெலும்பு மேலே ஏறும், கயிறு அதோடு ஏறாது. அந்தக் கயிற்றிலிருந்து அளந்தால் தூக்கியிருக்கிற கால் குட்டையாகத்தான் வரும். எலும்பிலிருந்து எலும்புக்குத்தான் அளக்க வேண்டும் என்றார். மணிமொழி சட்டென்று கயிற்றின் மேல் கையை வைத்தாள். அவிழ்க்கச் சொல்வார் என்று பயந்துவிட்டாள் போல. கட்டிக்கொள், அதிலிருந்து அளக்காதே, அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

எழுந்து உட்கார்ந்த மணிமொழி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்போ ரெண்டர வருஷமா நானு எதுக்கு மேடம் நொண்டினேன்?"

"முதல்ல வலிக்காக. அப்புறம் செருப்புக்காக."

இறுகிய தசையை இழுத்து நீட்டியிருந்தால் மூன்று மாதத்தில் சரியாகியிருக்கும். நாங்கள் அடியில் கட்டை வைத்து, கோணலை அப்படியே நிற்கவைத்துவிட்டோம். இதை டாக்டர் திட்டுவது போலச் சொல்லவில்லை. சும்மா கணக்கு சொல்வது போலச் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

பழைய சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். என் பர்ஸில் இருந்தது. கிழித்துப்போடச் சொல்லி அம்மா மூன்று தடவை சொல்லியிருந்தும் ஏனோ நான் கிழிக்கவில்லை. மடிப்பில் நைந்துபோன அந்தத் தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டு என்னிடம் திருப்பிக் காட்டினார்.

"இங்க முன்னாடி கேள்விக்குறி போட்டிருக்காரே. இருக்குன்னு எழுதல, இருக்கான்னு பாக்கணும்னு எழுதியிருக்காரு. கீழ பாருங்க, ரெண்டு வாரத்துல வாங்க, அளந்து பாக்கணும்னு இருக்கு. போனீங்களா?"

போகவில்லை. அந்த இரண்டாவது வாரம் நாங்கள் ரங்கம்மாளிடம் சுடிதார் தைக்கப் போயிருந்தோம்.

மணிமொழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்தது, அது எனக்கு உரியதுதான். ஆனால் அதோடு வேறொன்றும் இருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு டாக்டர் வேலையைத் தொடங்கினார். வெறுங்காலோடு வராந்தாவின் கடைசி வரை நடந்து வரச் சொன்னார். ஒற்றைக் காலில் பத்துத் தடவை குதிக்கச் சொன்னார். குந்தி உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழச் சொன்னார். மணிமொழி எல்லாவற்றையும் செய்தாள். நடையில் நொண்டல் இருந்தது, அது ஒரே நாளில் எங்கே போகும். பதினாறு கிலோமீட்டர் எவ்வளவு நேரத்தில் முடித்தாய் என்று டாக்டர் கேட்டார். சொன்னாள். அவர் புருவத்தை உயர்த்தி, நானே அவ்வளவு நேரத்தில் முடிக்க மாட்டேன் என்றார்.

ரப்பரை ஒரேயடியாகப் பிய்க்க வேண்டாம், வாரத்துக்கு ஓர் அடுக்கு எடுங்கள் என்றார். தசையை நீட்ட நான்கு பயிற்சிகளை நர்ஸ் செய்து காட்டினாள். முதல் மாதம் வலிக்கும், வலிக்கிறதென்று மறுபடி டைலரிடம் போகாதீர்கள் என்று சொன்னபோதுதான் டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். படிவத்தை இழுத்து எழுதினார். பதினோராவது கேள்விக்கு எழுதும்போது பேனா நிற்கவே இல்லை.

கையெழுத்து ஆகிவிட்டது, முத்திரை மட்டும் பாக்கி. முத்திரை இருக்கிற அலமாரியின் சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். வந்துவிடுவார், உட்காருங்கள் என்றார்கள்.

அலுவலக வாசலில் சிமென்ட் பெஞ்ச். மணிமொழி அம்மாவுக்குப் போன் செய்தாள். கால் சரியாக இருக்கிறது என்று நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பக்கம் அம்மா நம்பவில்லை. டாக்டரம்மா இரக்கப்பட்டு எழுதிக் கொடுத்திருப்பார், யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே, காரியம் முடியும் வரை வாயை மூடிக்கொண்டு இரு என்றாளாம். மணிமொழி போனை வைத்துவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்து, இரண்டு நிமிடத்தில் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இப்படி உட்கார்ந்தபடி அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும் என்று எப்போதும் ஒருக்களித்துத்தான் இருப்பாள்.

படிவத்தை நான் மடியில் வைத்துக்கொண்டேன். பதினோராவது வரியைப் படித்தேன். இரு கால்களும் சம நீளம், பணிக்குத் தகுதி. இன்னொரு தடவை படித்தேன். இரண்டரை வருடமாக எனக்குள் ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கொஞ்சம் மெதுவாகப் போயிருந்தால். சாப்பிடும்போது ஓடும், படுக்கும்போது ஓடும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். இப்போது பெஞ்சில் உட்கார்ந்து அதைத் தேடிப் பார்த்தேன். இருந்தது. ஆனால் சத்தம் குறைந்திருந்தது. வளைவில் வேகமாகப் போனது என் தப்புதான், அதை எந்த டேப்பும் மாற்றாது. கால் மட்டும் என் தப்பு இல்லை. இல்லை, அதுவும் பாதி என் தப்புதான், ரப்பர் ஒட்டியவன் நான். இருந்தாலும் ஒட்டியதைப் பிய்க்க முடியும். எலும்பைத்தான் பிய்த்து நீட்ட முடியாது.

மூச்சு விடுவது சுலபமாக இருந்தது. படிவம் மடங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மூன்று மணிக்குச் சாவிக்காரர் வந்தார். பல் குத்திக்கொண்டே அலமாரியைத் திறந்தார். முத்திரையை மையில் இரண்டு தடவை ஒற்றி, மூன்று பக்கத்திலும் குத்தினார். மூன்றாவது கொஞ்சம் மங்கலாக விழுந்தது. அதன்மேலேயே இன்னொன்று குத்துங்கள் என்று கேட்டேன். முறைத்துவிட்டுக் குத்தினார்.

வெளியே வந்து மணிமொழியின் தோளைத் தட்டினேன். திடுக்கிட்டு எழுந்தாள். எந்த இடம் என்று புரியாமல் சுற்றிப் பார்த்தாள்.

"முடிஞ்சிச்சாண்ணா?"

"முடிஞ்சிச்சி."

"மூணு பக்கத்துலயும் வெச்சாங்களா?"

கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். முத்திரை காய்ந்துவிட்டதா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். உறையில் போட்டு, உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எனக்கு பசிக்குது. காலையிலேர்ந்து ஒண்ணும் எறங்கல."

எனக்கும்தான் என்றேன்.